அருவிக்குள் சொன்னது

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு மறதியில்தான் போய் நிற்கிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறோம். எதிர்வீட்டுக்காரர் பெயர் தொண்டை வரை வந்து மேலே வர மாட்டேன் என்கிறது. நீங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் என் மறதி கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு தமிழ்ச் சொல் மறந்துபோனால் எனக்கு அந்த இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே ஒரு மலையாளச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன வாரம் மருமகளிடம் கரண்டி கேட்க வாயெடுத்தேன், 'தவி' என்று வந்தது. அவள் திருதிருவென்று விழித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. என் அம்மாவுக்கும் கடைசியில் இப்படித்தான் ஆரம்பித்தது.

அம்மா வீட்டார் எங்கள் சாதிசனம்தான். எப்போதோ மிளகு வியாபாரத்துக்காக மலை தாண்டிப் போய்ப் புனலூரிலேயே தங்கிவிட்டவர்கள். இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுப் பேச்சு மலையாளமாகிவிட்டது. செங்கோட்டையில் மரக் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு அங்கே பெண்ணெடுத்தார்கள். குகைகளுக்குள் புகுந்து வரும் ரயிலில் ஏறி, ஒரு பெட்டி துணியும் மூக்கு வைத்த ஒரு வெண்கலக் கிண்டியுமாக அம்மா தென்காசிக்கு வந்து சேர்ந்தாள்.

சின்ன வயதில் எனக்கு உலகத்தில் இரண்டு பேச்சு உண்டு என்று தெரியும், அவற்றுக்குப் பெயர் தெரியாது. அம்மாமார் ஒரு மாதிரி பேசுவார்கள், அப்பாமார் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது அவள் அம்மா, "ஏ பிள்ள, உள்ள வா, முறுக்கு திங்கியா?" என்று கேட்டாள். நான் முறுக்கைக்கூட வாங்காமல் ஓடிவந்து, அவள் அம்மா நம் அப்பா மாதிரி பேசுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அம்மிக் குழவியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

கணக்குப் போட்டால் நான் தமிழில் போடுவேன். இருட்டில் பயந்தால் மலையாளத்தில் பயப்படுவேன். கோபம் தமிழ், வயிற்றுவலி மலையாளம். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாகவே அப்படிப் பிரிந்து கிடந்தது. இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறது.

அம்மாவும் இரண்டு ஆளாக இருந்தாள். தன் பேச்சில் பேசும்போது வாய்த்துடுக்கு அதிகம். தெருவில் போகிற ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவர் நடையை நடந்து காட்டுவாள். நரியும் நண்டும் பேசிக்கொள்கிற கதைகளை நரிக்கு ஒரு குரல், நண்டுக்கு ஒரு குரல் என்று வைத்துச் சொல்வாள். அதே அம்மா தமிழுக்கு வந்தால் பாதி ஆளாகிவிடுவாள். "சோறு உண்டு. குழம்பு உண்டு. வேற வேணுமா?" அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்த பெரியப்பா மனைவி, எங்கள் பெரியம்மா, அவள் உச்சரிப்பைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். தெருவில் எல்லோரும் அம்மாவை அப்பாவி, வாயில்லாப் பூச்சி என்றார்கள். அவளையா என்று எனக்குள் ஆத்திரமாக வரும்.

என் தம்பிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. இதுதான் அந்த வருஷம் எங்கள் வீட்டின் கவலை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. அவனுக்குக் காது நன்றாகக் கேட்டது. எல்லாம் புரிந்தது, இரண்டு பேச்சிலும் புரிந்தது. அம்மா "இங்ஙோட்டு வா" என்றாலும் வருவான், பெரியப்பா "இங்கன வாலே" என்றாலும் வருவான். வாயை மட்டும் திறக்க மாட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் கிண்டியைத் தொட்டுக் காட்டுவான். அதன் மூக்கு வழியாகத்தான் குடிப்பான்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன், குடும்பத்துக்குத் தலை. அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் தூண் பக்கம் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"டாக்டரு தெளிவா சொல்லிட்டாருல. ஒரு மண்டைக்குள்ள ரெண்டு பேச்சு போனா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு ரெண்டும் வெளிய வராதாம். மூளை கொழம்பிருமாம். இங்கிலீஷ் புஸ்தகத்துலயே போட்டிருக்காம். இனிமே பிள்ள காதுல மலையாளம் ஒரு சொட்டு விழப்பிடாது."

"அவளுக்குத் தமிழ் அவ்வளவா வராதே அண்ணாச்சி," என்றார் அப்பா.

"வராட்டா பேசாம இருக்கட்டும். அதுவும் முடியாதுன்னா கொஞ்ச நாளைக்கி அவள புனலூர்ல கொண்டு விட்டுரு. பிள்ள இங்கன இருக்கட்டும். பெரியம்மா பாத்துக்கிடுவா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அண்ணன் முன்னால் அவர் எப்போதும் அவ்வளவுதான். பெரியப்பா தம் தம்பியின் மனைவியோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அம்மாவுக்குப் பெரியம்மா ஒருமுறை போய், "கேட்டியாட்டி, அவ்வொ சொன்னது?" என்று சொல்லிவிட்டு வந்தாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாளாம்.

இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த டாக்டர் வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பெரியப்பா வக்கீலிடம் இங்கிலீஷ், பூஜையில் சமஸ்கிருதம், ஜவுளிக்காரரிடம் தெலுங்குகூடப் பேசுவார். அதெல்லாம் யார் மூளையையும் குழப்பவில்லை. ஒரு பெண்பிள்ளை அடுக்களையில் தன் பிள்ளையிடம் பேசியதுதான் குழப்பிவிட்டது. அப்போது இதை யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

அன்று முதல் அம்மா தம்பியிடம் பேசியது: வா. சாப்பிடு. தூங்கு. அழாதே. நரியும் போயிற்று, நண்டும் போயிற்று. அவனைத் தூங்கவைக்கப் பாட்டு இல்லாமல் வெறுமனே முதுகில் தட்டுவாள். அவன் தலையைத் தூக்கி அவள் வாயையே பார்ப்பான். ஒரு நாள் அவள் உதட்டை விரலால் பிரித்து உள்ளே பார்த்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆடிச் சாரல் தொடங்கியது. குற்றால அருவியில் தலை காட்டினால் கலங்கின மூளை தெளியும் என்று எங்கள் பக்கத்தில் அசையாத நம்பிக்கை. மலையாளத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, உள்ளே ஏற்கெனவே போனதையும் கழுவி எடுக்க வேண்டும் என்று பெரியப்பாவுக்குத் தோன்றிவிட்டது. குற்றாலத்தில் ஒரு வீட்டைச் சாரல் முடியும்வரை பேசி எடுத்தார். அம்மா, தம்பி, நான், எங்களுக்குக் காவலாகப் பெரியம்மா.

போன அன்றைக்கே பேரருவிக்குக் கூட்டிப்போனார். கூட்டத்துக்கு நடுவே புத்தி கலங்கிய ஓர் இளவட்டத்தை, கால் இரண்டிலும் சங்கிலியோடு, இரண்டு பேர் கையைப் பிடித்து அருவிக்கு அடியில் நிறுத்திவைத்திருந்தார்கள். அவன் தலை தண்ணீரில் முன்னும் பின்னும் ஆடியது. கரையில் அவன் தாயோ அக்காளோ ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அம்மா தம்பியை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றி, அவன் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். தன் பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்களே என்று அவளுக்கு ஆகிவிட்டது.

பேரருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் பிள்ளை தாங்காது என்று ஐந்தருவிக்குப் போவதாக முடிவாயிற்று. விடிந்ததும் வண்டி வந்துவிடும். பாதையெல்லாம் ஈர இலை மணம், குரங்குகள், கூடையில் பலாச்சுளையும் மங்குஸ்தானும். தம்பி தலையில் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்திருக்கும். காயாத துணியின் புழுங்கல் வாடை எங்கள் எல்லோர் மேலும் அடிக்கும். இன்றைக்கும் மழைக்காலத்தில் கொடியில் துணி காயாமல் தொங்கினால் எனக்கு அந்த மாதங்கள் வந்துவிடும்.

பெரியம்மாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. மாற்றுத் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே இருந்துவிடுவாள். அருவியின் ஐந்து கிளைகளில் பெண்கள் குளிக்கிற கிளைக்குள் நாங்கள் மூன்று பேரும் போவோம். அம்மா கிண்டியைப் பாறை இடுக்கில் வைத்துவிட்டு, தம்பியை அணைத்தபடி தண்ணீருக்குள் போய்விடுவாள். முதலில் கிளையின் ஓரத்தில், பிறகு தைரியம் வந்து இன்னும் உள்ளே, பாறையை ஒட்டி.

அருவிக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. நீங்கள் எல்லோரும் குளித்தவர்கள்தானே. ஒரு நாள் நான் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நிற்காமல் அசைந்தது. புருவம் ஏறியது, இறங்கியது, ஒரு கை நண்டு மாதிரி நகர்ந்தது. அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள்! பெரியப்பாவுக்கு எட்டாமல், பெரியம்மாவுக்கு எட்டாமல், எனக்குக்கூடக் கேட்காமல், அருவிக்கு நடுவில் நின்றுகொண்டு தன் பேச்சில் பிள்ளையோடு பேசினாள். காதோடு வாய் வைத்துப் பேசினாள். நான் பெரியம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு குரங்கை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு விடியலிலும் அம்மாதான் முதலில் எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பாள். "எளையவளுக்கு அருவி பிடிச்சுப்போச்சு பாத்தியா," என்று பெரியம்மா மெச்சிக்கொண்டாள். மூளையைக் கழுவுவதற்கென்று கூட்டிப்போன இடத்தில்தான் அம்மா அவனுக்குத் தன் பேச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாரல் முடியப்போகிற சமயம். தண்ணீர் அன்று கூடுதலாக விழுந்தது. அருவிக்குள் அம்மா பேசுவதை நிறுத்தியிருந்தாள். தம்பியின் வாய்ப் பக்கம் தன் காதைச் சாய்த்து வைத்திருந்தாள். தம்பியின் உதடு அசைந்தது. வெறும் நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி அசைந்தது. அம்மா அவனை அப்படியே நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பாறையில் சாய்ந்துவிட்டாள். அந்தக் குலுக்கலில் அவள் கால் தட்டி, பாறை இடுக்கில் இருந்த கிண்டி தண்ணீரோடு போய்விட்டது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பெரியம்மா வெளியே துணி உதறும்போது, தம்பி பேசினானா என்று நான் அம்மாவைக் கேட்டேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"மிண்டல்லே, மோளே."

பேசாதே, மகளே. பிறகு அடுப்பை ஊதுகிற சத்தத்தோடு சத்தமாக மெல்லச் சொன்னாள். அவன் பேசியது அவளுடைய பேச்சில். அது தெரிந்தால், குழப்பம் இன்னும் தீரவில்லை என்பார்கள். அவளைப் புனலூருக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்வார்கள். "என்னம்மா சொன்னான்?" என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. சொல்லவே இல்லை. அப்புறம் எத்தனையோ வருஷம் கேட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு வயதான பிறகு புரிந்தது.

தென்காசிக்குத் திரும்பிச் சில நாளில், பந்தியில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி தெளிவாக, "பெரியப்பா, மோரு," என்றான். வீடே எழுந்து நின்றது. பெரியப்பா எச்சில் கையோடு அவனைத் தூக்கிக்கொண்டு அழுதார். அத்தனை பெரிய மனிதர் விக்கி விக்கி அழுதார். அவர் பாசம் பொய்யில்லை, அதுதான் கொடுமை. சாயங்காலம் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போனார். கண்டவர்களிடமெல்லாம், "மலையாளத்த நிப்பாட்டினேன், தமிழு வந்துட்டு," என்றார். அம்மா அடுக்களை வாசலில் நின்று எல்லோரையும் போலச் சிரித்தாள். பிள்ளை பேசிவிட்டான் என்ற சந்தோஷத்துக்குள்ளேயே இனி அவனோடு தன் பேச்சில் பேச முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி குழம்பிவிடக்கூடாதே என்று அந்தக் கட்டளையைப் பெரியப்பா கடைசிவரை எடுக்கவில்லை. அவர் போன பிறகு எடுக்க ஆளும் இல்லை.

அருவி மறந்துபோகிற வயதுதானே அவனுக்கு. தம்பி வளர்ந்தான், போலீஸில் சேர்ந்தான், பெரிய உத்தியோகத்துக்கு வந்தான். அம்மாவை அவன் தாங்கியதைப் போல யாரும் தாங்கியிருக்க முடியாது. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சு, சாப்பிட்டியா, மருந்து குடிச்சியா, எப்ப வருவே, அவ்வளவுதான். "எங்கம்மா அதிகம் பேச மாட்டா," என்று பெருமையாகச் சொல்வான். நான் கிணற்றடிப் பக்கம் போய்விடுவேன். அங்கேதான் அம்மா என்னோடு நரியாகவும் நண்டாகவும் பேசுவாள்.

கடைசி வருஷத்தில் அம்மாவின் தமிழ் உதிர ஆரம்பித்தது. முதலில் கரண்டி, பிறகு கதவு, பிறகு நாட்களின் பெயர்கள். வயதானால், பின்னால் கற்ற பேச்சு முதலில் போவதுண்டு என்று ஒரு டாக்டர் சொன்னார். இவர் வேறு டாக்டர், நல்ல மாதிரி. படுக்கையில் விழுந்தபோது தமிழ் முழுக்கப் போயிருந்தது. மலையாளம் முழுக்க இருந்தது. அத்தனை வருஷம் அடக்கிவைத்த பேச்சு ஓயாமல் வந்தது. தம்பி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். மூன்று வயதில் பார்த்த மாதிரியே பார்ப்பான்.

ஒரு நாள் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அன்னு பறஞ்ஞது ஒன்னூடெ பற, மோனே," என்றாள்.

"அக்கா, அம்மா என்ன சொல்லுதா?"

"அன்னைக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுன்னு சொல்லுதா."

"என்னைக்கு? நான் என்ன சொன்னேன்?"

அவனுக்கு அருவிக்குள் நடந்ததை முதன்முறையாக அப்போதுதான் சொன்னேன். என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும், அவளோ அவனிடமே கேட்கிறாள். அவன் குனிந்து, "அம்மா," என்றான். அவள் இல்லையென்று தலையசைத்தாள். "அம்மே," என்று மாற்றிச் சொன்னான். அதற்கும் தலையசைத்தாள். அத்தனை பெரிய உத்தியோகஸ்தன் என் பக்கம் திரும்பி, "நீயாவது கேட்டிருக்கக் கூடாதாக்கா," என்று அழுதான். அதற்கு மறுநாள் அம்மா போய்விட்டாள்.

காரியம் குற்றாலத்தில் செய்தோம். அதுவும் சாரல் காலம். நான் கரையில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன், பெரியம்மா உட்கார்ந்த மாதிரி. தம்பி மொட்டைத் தலையோடு பேரருவிக்குள் போய் முங்கிவிட்டு, பல் கிட்டித்துப்போய் வெளியே வந்தான். நரைத்த மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டே, "குளிருதுக்கா," என்றான்.

எனக்கு அப்படியே மின்னல் வெட்டியது. ஆடி மாதம், விடிகாலை, இடுப்பில் ஒரு பச்சைப் பிள்ளை. வேறு என்னத்தைச் சொல்லியிருப்பான்? கொஞ்ச நாள் முன்னால் இது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? கட்டிலில் அவள் கேட்டுக்கொண்டு கிடந்தபோது தோன்றியிருக்கக் கூடாதா?

"லே தம்பி, இதத்தாம்லே நீ அன்னைக்கிச் சொல்லியிருப்ப."

அவன் துண்டை வாங்கவில்லை. "அம்மா பேச்சுல அத எப்படிச் சொல்லணும்?"

"தணுக்குன்னு, அம்மே."

அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். நாக்கு புரளவில்லை. நான் திருத்தினேன். மறுபடி சொன்னான். பிறகு துண்டை என் மடியிலேயே விட்டுவிட்டு, திரும்பி அருவிக்குள் போனான். தலை குனிந்து, தண்ணீர் மொட்டைத் தலையில் விழ, பாறைப் பக்கம் பார்த்து நின்றான். அவன் உதடு அசைவது தெரிந்தது. அருவிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.